முதலில் வாசப்படியைப் பார்ப்பேன்

நானும் என் மகளும் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டே பேர். அவளுக்குப் பதினோரு வயது. மூளை முடக்குவாதம், செரிப்ரல் பால்சி. இரண்டு கால்களிலும் தசை இறுக்கம், கைகளில் கொஞ்சம். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பாள், வெளியே போனால் வீல்சேர். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். ஏன் தனியாக இருக்கிறோம் என்ற கதை இங்கே வேண்டாம். பிரிந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எங்களைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எப்படிம்மா தனியா சமாளிக்கறே?" அடுத்தது, "எப்ப நடப்பா?" நின்று பதில் சொல்ல முடிவதில்லை. ஆட்டோ காத்திருக்கும், இல்லையென்றால் பாப்பா காத்திருப்பாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான பதிலில் பாதி, வீட்டின் கட்டுமானத்தில் இருக்கிறது. வீடு சரியாக அமைந்தால் தனியாக இருந்தே சமாளிக்கலாம். அமையாவிட்டால் வீடு நிறைய ஆள் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முன்பு கூட்டுக்குடும்பத்தில் எட்டுப் பேராக இருந்தோம். பாத்ரூம் கொல்லைப்பக்கம், மூன்று படி இறங்க வேண்டும். அவளைத் தூக்கிக்கொண்டு போக எப்போதும் யாராவது இருந்தார்கள். தூக்க ஆள் இருந்ததாலேயே அந்த மூன்று படியை இடித்துச் சரிவாக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது கை ஓய்கிற வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படியே பழகி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அதனால்தான் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நான் முதலில் வாசப்படியைப் பார்ப்பேன். ஹால் எவ்வளவு பெரிசு, மெட்ரோ வாட்டரா போர் தண்ணியா என்பதெல்லாம் அப்புறம். கிரவுண்ட் ஃப்ளோர் என்றால் படி இருக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சென்னையில் அப்படி இல்லை. பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடிபட்டவர்கள், அதற்குப் பிறகு கட்டும்போது அடித்தளத்தை மூன்றடி, நான்கடி தூக்கிக் கட்டினார்கள். அதனால் புது வீடு என்றால் ஆறேழு படி ஏறியாக வேண்டும். படியே இல்லாத பழைய வீடு என்றால் அது தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பெய்தது போல ஒரு மழை வந்தால் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நடக்கிறவர்களுக்கு அது தொல்லை. தண்ணீர் ஏறும்போது தானாக எழுந்து மாடிக்குப் போக முடியாத பெண்ணை வைத்திருப்பவளுக்கு அது உயிர் விஷயம்.

"சிமெண்ட் போட்டு ஒரு சரிவு வச்சுக்கோங்களேன்" என்பார் புரோக்கர். சரிவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குலம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். அரசு வகுத்திருக்கும் அளவும் 1:12தான். ஆறு அங்குலப் படி நாலு இருந்தால் இரண்டடி உயரம். அதற்கு இருபத்துநான்கு அடி நீளத்தில் சரிவு போட வேண்டும். ஆதம்பாக்கத்தில் எந்த வீட்டு வாசலில் இருபத்துநான்கு அடி இருக்கிறது? இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால் வீல்சேரைப் பின்னாலிருந்து தள்ளுகிறவளுக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது கை நழுவினால் குழந்தை தெருவில். பல ஆஸ்பத்திரி வாசல்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் இப்படிப்பட்ட சரிவைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். அதில் நான் வீல்சேரைத் திருப்பிப் பின்பக்கமாகத்தான் இறக்குவேன்.

லிஃப்ட் உள்ள அடுக்குமாடியும் பார்த்தேன். பல கட்டடங்களில் லிஃப்டுக்குப் போகவே நாலைந்து படி. லிஃப்ட் சரியாக இருந்தால் பாத்ரூம் கதவு இடிக்கும். பையில் எப்போதும் ஒரு அளவு டேப் வைத்திருக்கிறேன். எங்கள் வீல்சேர் சக்கர விளிம்போடு சேர்த்து இருபத்திரண்டு அங்குல அகலம், பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டடி. நுழையும், ஆனால் சக்கரத்தைத் தள்ளும் விரல் நிலையில் உரசித் தோல் வழண்டுவிடும். வாக்கரோடு போகலாம் என்றால் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய மூன்றங்குலக் கட்டை குறுக்கே நிற்கும்.

இதெல்லாம் கட்டடத்தோடு பேசிக்கொள்கிற விஷயம். வீட்டு ஓனர்களோடு பேசுவதுதான் ஆளைச் சோர வைக்கும். "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" என்று தொடங்குவார்கள், அவர் எங்களோடு இல்லை என்றதும் முகம் மாறும். "பாப்பா ராத்திரில கத்துமா?" என்று அவள் எதிரிலேயே கேட்டார் ஒருவர். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவர் வீட்டுப் போர்டிகோவில் நிறுத்தியிருந்த வண்டியின் நம்பரைக் கூட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "கத்த மாட்டேன் அங்கிள், எனக்குக் கால்லதான் பிரச்சனை" என்றாள். வீடு கிடைக்கவில்லை. இன்னொரு இடத்தில் அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரத்தில், வாசலில் வீல்சேர் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று வீட்டம்மாள் சொல்லி அனுப்பினார்.

இப்போது இருக்கும் வீட்டின் ஓனர் எழுபதைத் தாண்டிய அம்மா. ஒரே ஒரு படி, அகலமான வாசல், வெஸ்டர்ன் டாய்லெட். சுவரில் ஓட்டை போட்டுக் கைப்பிடி வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். "தாராளமா போடும்மா. அப்படியே வெளிப்படிக்கும் ஒண்ணு வச்சுக் குடு, எனக்கும் முட்டி போயிடுச்சு" என்றார். கிரில் பட்டறையில் ஸ்டீல் பைப்பை வளைத்து இரண்டு வாங்கினேன். பாத்ரூம் கைப்பிடியை என் உயரத்துக்கு அல்ல, உட்கார்ந்தபடி அவள் கை நீட்டினால் எட்டும் இடத்துக்கு, பென்சிலால் அவளையே கோடு போடச் சொல்லி வைத்தோம். பாத்ரூம் கட்டையைக் கொத்தி எடுத்தாயிற்று. குடி வந்து சில வாரத்தில் ஒரு நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது வாக்கர் சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து ஃப்ளஷ் சத்தம். என்னைக் கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, எப்போது நடப்பாள் என்பது. எங்கள் குலதெய்வம் கோயிலில் தொடங்கி ரேஷன் கடை வரை கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் பதில் அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பாப்பா முப்பதாவது வாரத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் உள்ளறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் பாதிப்பு வருவதுண்டு. கால்களுக்குப் போகும் நரம்புப் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. அந்தக் காயம் பிறகு கூடுவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. ஆனால் உடம்பு வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடு கொடுக்காது. அதனால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நிற்கிறார்கள், முட்டி மடங்குகிறது, இடுப்பு மூட்டு மெல்ல விலகவும் வாய்ப்பு இருக்கிறது. இடுப்புக்குக் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது அதற்காகத்தான். வலி வரும் வரை காத்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும். இதைப் படிக்கிறவர்களில் சின்னக் குழந்தையின் அம்மா யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த எக்ஸ்ரேயைத் தள்ளிப் போடாதீர்கள்.

நடமாடும் திறனை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். பாப்பா மூன்றாவது. கையில் ஏதாவது பிடித்து நடப்பாள், தூரத்துக்குச் சக்கரம் வேண்டும். இந்த நிலையில் இருக்கிற சில பிள்ளைகள் சின்ன வயதில் நடந்ததைவிட வாலிப வயதில் குறைவாக நடக்கிறார்கள். உயரமும் எடையும் கூடக் கூட ஒவ்வோர் அடிக்கும் ஆகும் சக்தி அதிகம். "வீல்சேர் பழக்கிட்டா அப்புறம் நடக்கவே மாட்டா" என்று எனக்குச் சொன்னவர்கள் ஏராளம். நான் அதை ஏற்கவில்லை. கேட்டிலிருந்து வகுப்பறை வரை நடந்து போனால் முதல் பீரியட் முழுக்கக் களைப்பு. சக்கரத்தில் போனால் போனவுடன் கணக்கு போடுவாள். அவளுக்கு ஒரு நாளைக்கு இருக்கும் தெம்பு இவ்வளவுதான் என்றால் அதை எதற்குச் செலவழிப்பது என்பது முக்கியம்.

காலையில் ஸ்ப்ளின்ட் போடுவதற்கு நேரம் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கூடு. காலுறை கொஞ்சம்கூடச் சுருங்கக் கூடாது, தையல் விரலை அழுத்தக் கூடாது. முதலில் முட்டியை மடக்க வேண்டும். மடக்கினால் கெண்டைச்சதை தளரும். அப்போது குதிகாலைக் கூட்டின் அடிவரை தள்ளி, கணுக்கால் பட்டியை முதலில் இறுக்க வேண்டும், மேல்பட்டி பிறகு. மாற்றிப் போட்டால் குதிகால் மேலே ஏறிவிடும், சாயங்காலம் வரை வலிக்கும். கழற்றியதும் தோலைப் பார்ப்போம். சிவந்த தடம் அரைமணிக்குள் மறைந்தால் சரி. மறையாவிட்டால் ஸ்ப்ளின்ட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம், அளவு கொடுக்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து கணுக்கால் பட்டியை அவளே இறுக்குகிறாள். எவ்வளவு இறுக்கம் போதும் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

இந்த இடத்தில் நான் நம்புகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறவர்கள்தான் சுதந்திரமாக வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், என் மகளுக்கு அது எந்தக் காலத்திலும் கிடைக்கப் போவதில்லை. எனக்கும் இல்லை. எனக்குச் சிலிண்டர் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டும், இருபதாம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் நாளில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எந்த உதவி, எப்போது, யார் கையால் என்பதை முடிவு செய்வது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் எங்களுக்கு உதவிக்குக் குறைவில்லை. முடிவு மட்டும் எங்கள் கையில் இல்லை.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோதுதான் தெளிந்தது. கலிபோர்னியாக்காரர், 1939-இல் பிறந்தவர். 1953-இல், பதினான்கு வயதில், போலியோ. தடுப்பூசி வந்தது 1955-இல். கழுத்துக்குக் கீழே இரண்டு விரலும் சில கால்விரல்களும்தான் அசைந்தன. இரவில் இரும்பு நுரையீரல் எனும் எந்திரத்துக்குள் படுத்துத்தான் மூச்சு விட வேண்டும். பிழைத்தாலும் பிரயோஜனமில்லை, போய்விட்டால் நல்லது என்கிற மாதிரி டாக்டரே அவருடைய அம்மாவிடம் சொன்னாராம். அந்த அம்மா, ஜோனா ராபர்ட்ஸ், மகனை வீட்டிலிருந்து போன் வழியாகப் பள்ளிப்பாடம் கேட்க வைத்தார். பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போயே ஆக வேண்டும் என்று அனுப்பினார். படிப்பை முடிக்கும் நேரத்தில், உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் வகுப்பும் முடிக்கவில்லை, அதனால் டிப்ளமா தர முடியாது என்றது பள்ளி. ஜோனா கல்வி வாரியம் வரை போய்ச் சண்டை போட்டு வாங்கினார். கணவர் இறந்த பிறகு அவரும் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார்.

எட் அதே பெர்க்லியில் 1962-இல் சேர்ந்தார். இரும்பு நுரையீரலை வைக்க விடுதி அறையில் வழியில்லை என்பதால் வளாக ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். அடுத்தடுத்து இன்னும் சில மாணவர்கள் வீல்சேரில் வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கு உதவியாளராக யாரை வைப்பது, யாரை நிறுத்துவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். சம்பளம் அரசுப் பணம், முதலாளி வீல்சேரில் இருப்பவர். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1972-இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. இவருக்கு வேலை செய்யவே முடியாது என்று ஒரு காலத்தில் உதவி மறுத்த கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கே 1975-இல் எட் இயக்குநராகப் போனார். கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகனுக்கு அப்பாவானார், 1995-இல் காலமானார். எனக்கு எட் ராபர்ட்ஸைவிட ஜோனாவைப் பற்றித்தான் அதிகம் யோசனை ஓடும். மகனைப் பார்த்துக்கொள்வதை ஒரு கட்டத்தில் மகன் நியமித்த ஆட்களிடம் விட்டாரே, அதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

நம் நாட்டிலும் காகிதத்தில் இது இருக்கிறது. தனித்து வாழவும் சமூகத்தோடு சேர்ந்து வாழவும் உள்ள உரிமையை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. அதையொட்டி வந்ததுதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். சென்னையில் பூனம் நடராஜன், செரிப்ரல் பால்சி உள்ள மகனுக்கு அம்மாவாக இருந்து 1985-இல் தொடங்கியதுதான் இன்றைய வித்யாசாகர். இப்படிப்பட்ட பெற்றோர்கள் அன்று போட்ட பாதையில்தான் எங்களைப் போன்றவர்கள் இன்று நடக்கிறோம்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனச் சதவீதம் என்ன போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். 40 என்பது வாசல். கடும் ஊனம் என்ற கணக்கில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கேட்டால் 75 வேண்டும். பாப்பாவுக்கு 65, அதனால் கிடையாது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை உண்டு. பிசியோதெரபி பில்லுக்கும் அதில் ஒரு பங்கு தேறும். ரயிலில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துச் சலுகை. சம்பளக்காரர்கள் வருமான வரியில் 80டிடி என்ற பெயரில் அறியப்பட்ட கழிவைப் பாருங்கள். 75,000 ரூபாய், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் இது கிடைக்காது. என் ஆபீஸுக்கு வருகிற பெற்றோர்களிலேயே பலருக்கு இது தெரியவில்லை.

தெருவில் இறங்கினால் இன்னொரு உலகம். சாதாரணப் பேருந்தில் எனக்கும் கட்டணம் இல்லை, அவளுக்கும் இல்லை. ஆனால் அந்தப் படியில் வீல்சேர் ஏறாது. உயர் நீதிமன்றம் வரை போய் மாற்றுத்திறனாளிகள் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. எங்கள் வழித்தடத்தில் வருவது அரிது. மெட்ரோ ரயில் பரவாயில்லை, லிஃப்ட் இருக்கிறது, பெட்டிக்குள் வீல்சேருக்கு இடம் இருக்கிறது. ஸ்டேஷன் வரை போகிற நடைபாதையில்தான் டிரான்ஸ்ஃபார்மரும் தள்ளுவண்டியும். மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது, திரும்பச் செய்தார்கள். அதில் போய் அலை வந்து காலில் பட்டபோது பாப்பா என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். தனியாக நின்று பார்க்க வேண்டுமாம். தள்ளிப் போய் நின்றேன்.

வெளியே போனால் எங்களுக்கு இருக்கும் பெரிய தொந்தரவு, கேட்காமல் தூக்குவது. படி வந்துவிட்டால் போதும், யாராவது "பாவம் குழந்தை" என்று கக்கத்தில் கை கொடுத்து அவளைத் தூக்கிவிடுகிறார்கள். திடீரென்று தொட்டால் இறுக்கமான தசை இன்னும் விறைக்கும், கால் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும், வலிக்கும். அவள் இப்போது இருபத்தெட்டு கிலோ. எனக்கு முதுகு வலி வந்த பிறகு பிசியோ சொல்லிக் கொடுத்த முறைப்படிதான் மாற்றுகிறோம். வீல்சேருக்குப் பிரேக் போட்டு, கால்தாங்கியை மடக்குவேன். அவள் பாதத்தைத் தரையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து என் தோளைப் பிடிப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது அவள். மூன்று சொன்னதும் அவள் எழும்புவாள், நான் இடுப்பைத் திருப்பிவிடுவேன். அவள் எண்ணாமல் நான் தூக்குவதில்லை.

இந்த வருஷம் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. பாப்பா வளர்கிறாள். இன்றோ நாளையோ வயசுக்கு வருவாள். குளிக்க, உடை மாற்ற அம்மா மட்டுமே என்று இருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கும் முடங்கிய நாள்தான். நான் இல்லாத நாள் ஒன்று வரும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் கையைத் தவிர வேறு கையையும் அவள் நம்பிப் பழக வேண்டும், அந்தக் கைக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் பழக வேண்டும். காலையும் மாலையும் வந்து போக ஓர் ஆள் வைப்பது என்று முடிவு செய்தோம். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்ததில் சிலர் வந்தார்கள். எல்லோரும் என்னிடம்தான் பேசினார்கள். "பாப்பா சாப்பிடுமா? அடம் பிடிக்குமா?" பாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். நான் காப்பி போடப் போனேன், பாப்பா நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா, என்னைத் தூக்கறதுக்கு முன்னாடி கேப்பீங்களா?"

"கேக்காம எப்படி கண்ணு தூக்கறது? விழுந்துடுவோம் ரெண்டு பேரும்."

"குளிக்கும்போது கதவைச் சாத்துவீங்களா?"

"சாத்தணும்ல."

"நான் வேணாம்னு சொன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏன் வேணாம்னு கேப்பேன். சொன்னீன்னா விட்டுடுவேன்."

அடுத்தடுத்தும் கேட்டாள். போன் பார்த்துக்கொண்டே வேலை செய்வாரா, ஸ்ப்ளின்ட் போடக் கற்றுக்கொள்வாரா, நாய் பிடிக்குமா என்று. எங்களிடம் நாய் கிடையாது. ஆனால் கேட்டாள். அவர் போன பிறகு என்னிடம், "இவங்களையே வச்சுக்கலாம்மா. ஆனா ஒரு மாசம் பார்த்துட்டு நானே சொல்றேன்" என்றாள்.

சம்பளம் பேசியாயிற்று. காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலிலிருந்து ஏழு, ஞாயிறு விடுமுறை. நாளையிலிருந்து வருகிறார். ஸ்ப்ளின்ட் பட்டியில் எது முதலில் என்று பாப்பாதான் சொல்லித் தரப் போகிறாள். முதல் வாரம் நான் ஹாலிலேயே இருக்க வேண்டும், கூப்பிட்டால் மட்டும் உள்ளே வர வேண்டும் என்று எனக்கும் சொல்லியிருக்கிறாள்.